டெய்லர் உட்காரும் இடம்: தையல் லைன் அமைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் எந்தத் தையல் யூனிட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் மெஷின் மேல் போவதில்லை, நாற்காலி மேல்தான் போகும். அதன் மேல் வேஸ்ட் துணியை மடித்துத் தைத்த திண்டு இருக்கிறதா, எத்தனை அடுக்கு இருக்கிறது, முதுகுச் சாய்வில் பழைய பனியன் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து குனிந்து பெடலைப் பார்ப்பேன். பெடலுக்குக் கீழே ஒரு செங்கல் துண்டு இருக்கும், அல்லது பெடல் மேல் துணி சுற்றியிருக்கும். மேசை விளிம்பில் அட்டையை மடித்து டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள், முன்கையை விளிம்பு அறுக்காமல் இருப்பதற்காக.

புதிதாக வேலைக்கு வந்த சூப்பர்வைசர்கள் இதையெல்லாம் குப்பை என்று நினைத்து அகற்றச் சொல்வார்கள். ஆடிட் வருகிற வாரத்தில் இது கட்டாயம் நடக்கும். அப்படிச் செய்யாதீர்கள். அந்தத் திண்டு, ‘இந்த நாற்காலி எனக்கு மூன்று விரல் தாழ்வு’ என்று ஒரு டெய்லர் உங்களுக்கு எழுதிய கடிதம். செங்கல், ‘பெடல் எனக்கு எட்டவில்லை’ என்கிற இன்னொரு கடிதம். உடல் நோகும் இடத்தில்தான் பெரும்பாலும் விநாடியும் வீணாகிறது. ஆகவே அந்தக் கடிதங்களைப் படித்தாலே பணியிடம் அமைக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு ஓர் அளவு டேப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தொடங்குகிறவர்கள், லைன் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பின்னலாடைத் தையலையே எடுத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். மற்றத் தொழில்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் அரைநாள்: கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

ஸ்டாப்வாட்ச் வேண்டாம். அதை எடுத்த நொடியிலேயே லைனில் எல்லாரும் வேறு ஆளாகிவிடுவார்கள். ஒரு நோட்டுடன் பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு மெஷினிலும் மூன்றை மட்டும் குறியுங்கள். கழுத்து எவ்வளவு குனிகிறது? தோள் தூக்கி நிற்கிறதா? கை எதை எடுக்க அதிகத் தூரம் போகிறது? ஒத்துக்கொள்கிறவர்களைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து எடுத்த படத்தில் குனிவு தெரியாது.

பிறகு கேளுங்கள். எங்கே வலிக்கிறது என்று காலை ஒன்பது மணிக்குக் கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்பார்கள். மாலை டீக்குப் பிறகு கேளுங்கள். இன்னொரு வழி, ஒரு தாளில் மனித உருவத்தின் பின்பக்கத்தை வரைந்து கொடுத்து, வலிக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்வது. வடமாநிலத் தொழிலாளர்கள் பாதிப்பேர் இருக்கும் லைனில் மொழி தேவைப்படாத இந்தத் தாள்தான் கைகொடுக்கும். பெண்களிடம் ஒரு பெண் கேட்பது நல்லது. இடுப்பு வலியை ஓர் இளைஞனிடம் விளக்கிச் சொல்ல யாருக்கும் விருப்பமிருக்காது.

புள்ளிகளை எல்லாம் ஒரே தாளில் சேர்த்துப் பாருங்கள். சிங்கர் (ஒற்றை ஊசி நேர்த்தையல் மெஷின்) டெய்லர்களுக்குக் கழுத்திலும் வலது தோளிலும், துணியை மடித்து அடுக்கிக் கொடுக்கும் கைமடியில் நிற்பவர்களுக்குக் காலிலும் இடுப்பிலும், செக்கிங்கில் இருப்பவர்களுக்குக் கழுத்திலும் கண்ணிலும் என்று கூட்டம் கூட்டமாக விழும். வேலை செய்யும் ஆளிடம் குறை என்றால் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஒரே வேலையில் இருக்கும் ஐந்து பேருக்கு ஒரே இடத்தில் விழுந்தால் குறை மேசையில் இருக்கிறது.

இதற்கு மதிப்பெண் போடும் முறையும் உண்டு. 1993-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் மெக்காட்டம்னி, கார்லெட் என்ற இருவர் வெளியிட்ட ‘ரூலா’ என்பது, கழுத்து, முதுகு, கை ஆகியவற்றின் கோணங்களைப் பார்த்து 1 முதல் 7 வரை எண் கொடுக்கும். 1, 2 என்றால் கவலையில்லை. 7 என்றால் உடனே மாற்ற வேண்டும். இன்று கணினி முன் உட்காருபவர்களுக்கெல்லாம் பயன்படுத்தும் இந்த முறையின் தொடக்கம் ஆடைத் தொழிலாளர்களிடம்தான்: வெட்டுபவர், தைப்பவர், பிசிறு நறுக்குபவர், செக்கிங் செய்பவர், பேக் செய்பவர். நம் வேலைக்கென்றே பிறந்த அளவுகோலை நாம் அதிகம் எடுத்துப் பார்ப்பதில்லை.

அளவு எடுப்பது

‘சராசரி டெய்லர்’ என்று ஒருவர் எந்த லைனிலும் உட்கார்ந்திருக்கவில்லை. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 செ.மீ. அளவில் இருக்கிறது. ஆனால் உங்கள் லைனில் 145 செ.மீ. உயரமுள்ள அக்காவும் 172 செ.மீ. உயரமுள்ள பையனும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். சராசரிக்கு மேசை போட்டால் இரண்டு பேருக்கும் வலிக்கும். எனவே லைனிலேயே குட்டையானவர், நெட்டையானவர் என்று இரண்டு பேரை முதலில் அளந்துகொள்ளுங்கள். அவர்கள் இருவருக்கும் சரிப்படுத்த முடிகிற அமைப்பு நடுவில் உள்ளவர்களுக்கும் சரிப்படும்.

ஒவ்வொருவருக்கும் மூன்று அளவு போதும். உட்கார்ந்த நிலையில் பாதத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரம். இருக்கையிலிருந்து, கையைத் தொங்கவிட்டு மடக்கிய முழங்கை வரை உள்ள உயரம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வீசினால் விரல் தொடும் தூரம். செருப்போடு வேலை செய்பவரைச் செருப்போடு, வெறுங்காலோடு மிதிப்பவரை வெறுங்காலோடு அளக்க வேண்டும். வெறுங்காலால் பெடல் மிதிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு.

பெடலிலிருந்து தொடங்கி மேலே போங்கள்

இங்கே நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேசை முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று படித்துவிட்டு, ஒரு லைனில் இருந்த மேசைகளை எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான்கு செ.மீ. உயர்த்தினேன். திங்கட்கிழமை மதியம் லைனின் மூத்த டெய்லர் என்னைக் கூப்பிட்டார். “மேசையைத் தூக்கிவிட்டாய், சரி. என் காலையும் நான்கு விரல் நீட்டிவிட்டாயா தம்பி?” என்றார். மேசை உயர்ந்ததும் அவர் நாற்காலியில் இன்னொரு திண்டு போட்டிருந்தார். திண்டு போட்டதும் கால் பெடலில் முழுதாக ஊன்றவில்லை. நுனிவிரலால் மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

தையல் டெய்லரின் உடல் மெஷினோடு மூன்று இடங்களில் கட்டுண்டு கிடக்கிறது: கால் பெடலில், கை துணியில், கண் ஊசியில். மூன்றில் அசைக்க முடியாதது கால். அதனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பெடல், நாற்காலி, மேசை, அதன் பிறகே மெஷின் என்பதுதான் வரிசை.

பெடல் டெய்லரின் உடலுக்கு நேரே இருக்க வேண்டும். அநேகமாக எல்லா ஸ்டாண்டுகளிலும் பெடலை இடவலமாகவும் முன்பின்னாகவும் நகர்த்தலாம், சாய்வையும் மாற்றலாம். மோட்டாரோடு பெடலை இணைக்கும் கம்பியின் நீளத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ஒரு ஸ்பேனர் இருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் மெஷின் வந்து இறங்கிய நாளில் மெக்கானிக் வைத்த இடத்திலேயே ஆறு வருடமாக இருக்கும் பெடல்களைப் பார்த்திருக்கிறேன். பெடல் உள்ளே தள்ளி இருந்தால் முழங்காலை நீட்டி மிதிக்க வேண்டிவரும், இடுப்பு முன்னால் வழுக்கும், முதுகு கூன் விழும். வெளியே இழுத்து வைத்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். குதிகாலும் விரல்களும் பெடலில் முழுதாகப் படிந்து, முழங்கால் செங்கோணத்தைவிடச் சற்றே விரிந்திருக்கும் இடம்தான் சரி.

நாற்காலியின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், பெடலிலிருந்து அளங்கள். பெடல் தரையிலிருந்து எட்டு செ.மீ. மேலே இருக்கிறது, டெய்லரின் முழங்கால் பின்மடிப்பு உயரம் 38 என்றால் இருக்கை 46-இல் வர வேண்டும். 43 உள்ள நெட்டைப் பையனுக்கு 51. ஒரே லைனில் ஐந்து செ.மீ. வித்தியாசம். உயரம் மாற்ற முடியாத நாற்காலியால் இதைச் சமாளிக்க முடியாது.

நாற்காலி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. சக்கரம் கூடாது. கைப்பிடி கூடாது, துணியைத் திருப்பும்போது முழங்கை இடிக்கும். இருக்கை சுழன்றால் நல்லது, பக்கத்தில் இருக்கும் கட்டை (வெட்டிய பீஸ்களை எண்ணிக் கட்டிய துணிக்கட்டு) எடுக்க இடுப்பை முறுக்க வேண்டியதில்லை. இருக்கையின் முன்விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தக் கூடாது. முதுகுச் சாய்வு உயரமாக வேண்டியதில்லை. டெய்லர் முன்னால் குனிந்துதான் வேலை செய்வார், தோளில் வந்து முட்டும் சாய்வால் அவருக்குப் பயனில்லை. இடுப்புக்கு மேலே ஒரு சாண் அளவுக்குத் தாங்கினால் போதும்.

சக்கரம் பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் பார்த்த ஒரு கம்பெனியில் ஆபீஸ் நாற்காலிகளை மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்கி லைனில் போட்டார்கள். பெடலை மிதிக்கும்போதெல்லாம் நாற்காலி பின்னால் ஓடியது. மூன்றாம் நாள் பார்த்தால் எல்லாச் சக்கரங்களையும் வேஸ்ட் துணியால் கட்டிப்போட்டிருந்தார்கள். நாற்காலிக்கு விலங்கு போட்டதுபோல் இருந்தது.

இனி மேசை. பொதுவாக, உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மேசை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். தையலுக்கு அந்த விதி அப்படியே செல்லாது. கண் ஊசி முனையைப் பார்க்க வேண்டும். மேசை தாழ்ந்தால் கழுத்து குனியும். மேசை மிக உயர்ந்தால் தோள் தூக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில், முழங்கை மட்டத்துக்கு ஐந்து முதல் பதினைந்து செ.மீ. மேலே மேசைப்பரப்பு வருவதுதான் தையலுக்கு நல்லது. முன்கைகள் மேசையில் படுத்துக்கொள்ளும், தோள் அவற்றைச் சுமக்க வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அக்காவின் இருக்கை 46, அதிலிருந்து முழங்கை 20, ஆக 66. மேசை 71-க்கும் 81-க்கும் இடையில் இருக்கலாம். பையனுக்கு 51-உம் 23-உம் சேர்த்து 74. அவனுக்கு 79 முதல் 89 வரை. வழக்கமான 75 செ.மீ. மேசை அக்காவுக்குப் பொருந்துகிறது, பையன் நாள் முழுக்கக் குனிகிறான். இருவருக்கும் பொதுவான இடம் 79-க்கும் 81-க்கும் நடுவில் இரண்டே செ.மீ. தான். எனவே ஒரே உயரம் என்று பிடிவாதம் பிடிக்காமல், ஸ்டாண்டு கால்களில் உள்ள போல்ட்டைத் தளர்த்தி ஆளுக்கேற்ப வையுங்கள். லைன் பார்வைக்கு மேடு பள்ளமாகத் தெரியும். முதலாளி கேட்பார். கேட்கட்டும்.

மேசையை டெய்லரின் பக்கம் சுமார் பத்து டிகிரி சாய்த்து அமைப்பது இன்னொரு நல்ல வழி. ஊசி கண்ணை நோக்கித் திரும்புவதால் கழுத்துக் குனிவு குறைகிறது. சிங்கர் மெஷினில் இதைச் செய்யும்போது எண்ணெய்த் தொட்டியைக் கவனிக்க வேண்டும், மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பின் கால்களின் உயரத்தைக் கூட்டினாலே ஓரளவு சாய்வு கிடைத்துவிடும். துணி மடியில் சரிகிறது என்று சிலர் சொல்வார்கள், விளிம்பில் ஒரு மெல்லிய தடுப்புப் பட்டை வைத்தால் நிற்கும்.

துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மெஷினை மேசைக்கு மேல் உட்கார வைப்பதைவிட, மேசையை வெட்டி உள்ளே இறக்கிப் பொருத்துவது மேல். துணி ஓடும் தளமும் மேசையும் ஒரே மட்டத்தில் வந்துவிடும். ஒவ்வொரு பீசுக்கும் கையைப் படியேற்றி இறக்க வேண்டியதில்லை. மெஷின் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். பிறகு தச்சரைத் தேடுவது வீண் அலைச்சல்.

மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கிளட்ச் மோட்டார் டெய்லர் தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். சூடும் சத்தமும் தொடைக்கு அருகிலேயே. பெடலும் கனமாக இருக்கும். செர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும், மிதிக்கவும் லேசு. கரண்ட் செலவு குறைகிறது என்று முதலாளியிடம் சொல்லி வாங்கலாம். கால்வலி குறைவதை டெய்லர்களே சொல்வார்கள்.

கட்டு எங்கே இருக்கிறது?

ஒரு மெஷினில் நாற்காலியையும் மேசையையும் சரிசெய்தால் வலி குறையும். எண்ணிக்கை ஏற வேண்டும் என்றால் கட்டு இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்று ஒரு கட்டடக்காரர் இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கொத்தனார்களைக் கூர்ந்து கவனித்தார். ஒவ்வொரு செங்கல்லுக்கும் கொத்தனார் தரை வரை குனிந்து நிமிர்கிறார். இரண்டு கிலோ செங்கல்லுக்காகத் தன் உடம்பையே தூக்குகிறார். கில்பிரெத் செங்கல்லையும் கலவையையும் இடுப்பு உயரத்தில் வைக்கும் சாரம் ஒன்றை அமைத்தார். செங்கல்லை நல்ல பக்கம் மேலே பார்க்க அடுக்கி அனுப்ப உதவியாளர்களை வைத்தார். ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்டது 5 ஆனது. மணிக்கு 120 செங்கல் வைத்தவர்கள் 350 வைத்தார்கள். யாரையும் விரட்டவில்லை. குனிவதை மட்டும் எடுத்துவிட்டார்.

நம் லைனில் அந்தச் செங்கல்தான் கட்டு. தரையில் அல்லது முழங்கால் உயரக் கூடையில் கிடக்கிறது. டெய்லர் ஒவ்வொரு பீசையும் குனிந்து எடுத்துத் தைத்து, முடிந்ததை முன்னால் தரையில் தள்ளிவிடுகிறார். அதை இன்னொருவர் குனிந்து பொறுக்குகிறார். இரண்டு குனிவு, ஒரு பீஸ். எடுக்கும் குனிவுக்கு இரண்டு விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 700 பீஸ் என்றால் 1,400 விநாடி, அதாவது 23 நிமிடத்துக்கு மேல். ஒரு நேர டீயும் பாதிச் சாப்பாட்டு நேரமும் தரையைப் பார்த்தே போய்விடுகிறது. இடுப்பு வலி அதற்கு வட்டி.

செய்ய வேண்டியது இதுதான். டெய்லரை உட்கார வைத்து, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு இரண்டு முன்கைகளையும் மேசை மேல் வீசச் சொல்லுங்கள். அந்த அரைவட்டத்தைச் சாக்பீஸால் வரையுங்கள். குட்டையானவர்களுக்கு அது 35 செ.மீ. கூட இருக்காது. ஒவ்வொரு பீசுக்கும் தேவைப்படுவது எல்லாம் அந்தக் கோட்டுக்குள் வர வேண்டும். கட்டுக்கு ஒரு முறை தேவைப்படுவது கையை முழுதாக நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கலாம். நூல் கோன், உதிரி ஊசி, எண்ணெய் போன்று நாளைக்கு ஓரிரு முறை தேவைப்படுபவை எங்கே இருந்தாலும் சரி. புதியவர்கள் செய்யும் தவறு, எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் திணிப்பது. அப்போது கட்டுக்கு இடம் இல்லாமல் போய்விடும்.

கட்டை மேசையின் இடது பக்கம், மேசை மட்டத்திலேயே, ஒரு சிறிய பக்கப்பலகையில் வையுங்கள். பலகையை டெய்லரை நோக்கிச் சற்றே சாய்த்தால் அடியில் இருக்கும் பீசும் கைக்கு வரும். துணியை எந்தப் பக்கம் பார்க்க அடுக்குவது என்பதைக் கைமடிக்காரர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். உட்பக்கம் மேலே வந்தால் டெய்லர் ஒவ்வொன்றையும் திருப்ப வேண்டியிருக்கும். செங்கல்லை நல்ல பக்கம் மேலே வைத்து அனுப்பியது போலத்தான். தைத்து முடிந்தது மெஷினுக்குப் பின்னால் ஒரு சரிவுப் பலகையில் தானாக வழுக்கி, அடுத்த டெய்லரின் பக்கப்பலகைக்குப் பக்கத்தில் போய் விழுந்தால் அது நல்ல லைன். ஓவர்லாக்கில் வெட்டுப்படும் ஓரத்துணிக்குத் தனிச் சரிவும் அடியில் ஒரு பையும் வேண்டும். அது மடியில் விழுந்தால் நிமிடத்துக்கு நான்கு முறை தட்டிவிட வேண்டிவரும்.

கட்டின் அளவையும் குறையுங்கள். 50 பீஸ் கட்டு எண்ணுவதற்கு வசதி, தூக்குவதற்கு வசதியில்லை. டி-சர்ட் என்றால் எட்டு, ஒன்பது கிலோ வந்துவிடும். 20, 25 பீஸ் போதும். லைனில் வேலை சீக்கிரம் நகரும், டேமேஜ் வந்தாலும் சீக்கிரம் தெரியும்.

வெளிச்சம், சூடு, சத்தம்

கழுத்துக் குனிவுக்குப் பாதிக் காரணம் மேசை என்றால் மீதி வெளிச்சம். தெரியாததைப் பார்க்கத்தான் மனிதன் குனிகிறான். தையலுக்கு ஊசிமுனையில் 750 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), நிறம் பார்க்கும் செக்கிங் மேசைக்கு 1,000 லக்ஸ் என்பது ஐரோப்பிய நியமம். கருப்புத் துணியில் கருப்பு நூல் ஓடும் ஆர்டர் வந்தால் அதுவும் போதாது. மொத்தக் கூரையையும் வெளிச்சமாக்க வேண்டியதில்லை. மெஷின் தலையில் ஒட்டும் சிறிய எல்இடி விளக்கு ஊசிக்கு இடப்பக்கத்திலிருந்து விழும்படி இருந்தால், கையின் நிழல் தையல் மேல் விழாது. பழைய சோக் டியூப்லைட் மட்டும் உள்ள இடத்தில் ஓடும் சக்கரம் நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரியலாம். அது ஆபத்து, மாற்றிவிடுங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் வேலை செய்யும் லைனில் நாற்காலியை மட்டும் மாற்றிப் பயனில்லை. கூரைக்கு வெள்ளை அடிப்பதும், அயர்ன் பாய்லரைச் சுவருக்கு வெளியே வைப்பதும், சூடான காற்றை மேலிருந்து உறிஞ்சி எடுப்பதும் முதலில் செய்ய வேண்டியவை. மின்விசிறியை டெய்லரின் முகத்துக்கு நேரே வைத்தால் வெட்டிய பீஸ் பறக்கும், பஞ்சும் மூக்கில் ஏறும். உடம்பில் காற்று படட்டும், மேசையில் வேண்டாம். சத்தத்துக்கு ஓர் எளிய சோதனை: கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அளவு மீறிவிட்டது.

தண்ணீரும் கழிவறையும் பணியிட வடிவமைப்பில் வராது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கழிவறை தூரத்தில் இருந்தால், அல்லது போக அனுமதி கேட்க வேண்டியிருந்தால், பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மதியத்துக்கு மேல் தலைவலி, தையல் கோணல். லைன் வரைபடத்தில் இந்த இரண்டையும் முதலிலேயே குறித்துக்கொண்டு மிச்சத்தை வரையுங்கள்.

நிற்பவர்கள்

செக்கிங், கைமடி, அயர்ன், பேக்கிங் ஆகியவற்றில் இருப்பவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நின்று செய்யும் லேசான வேலைக்கு மேசை நின்ற நிலையில் முழங்கைக்கு ஐந்து முதல் பத்து செ.மீ. கீழே இருக்க வேண்டும். அழுத்தித் தேய்க்கும் அயர்னுக்கு இன்னும் கொஞ்சம் தாழ்வாக. கண்ணுக்கு வேலை உள்ள செக்கிங்குக்கு முழங்கை மட்டத்திலோ சற்று மேலேயோ, சாய்வாக. ஆள் மாறினால் மேசையை அறுக்க முடியாது. நெட்டையானவருக்கு மேசை போட்டுக் குட்டையானவருக்கு நிற்க ஒரு பலகை போடுங்கள்.

காலடியில் 15 செ.மீ. உயரத்தில் ஒரு கம்பி வைத்தால் கால் மாற்றி மாற்றி ஊன்றிக்கொள்வார்கள், இடுப்புக்குப் பெரிய ஆறுதல். வெறும் சிமெண்ட் தரையில் ரப்பர் பாய் போடுங்கள். செக்கிங் வேலையை உட்கார்ந்தும் செய்யலாம், நின்றும் செய்யலாம் என்றபடி ஓர் உயரமான ஸ்டூல் கொடுத்துவிடுங்கள். நின்று வேலை செய்பவர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். ஸ்டூல் கேட்பவரைச் சோம்பேறி என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

கட்டிங்கில் துணி ரோலைத் தரையிலிருந்து தூக்குவது தனிப் பிரச்சினை. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷின் கணக்குப்படி, உடம்புக்கு ஒட்டினாற்போல், இடுப்பு உயரத்தில், முறுக்காமல், எப்போதாவது ஒருமுறை தூக்குவதற்கே உச்ச அளவு 23 கிலோ. தரையிலிருந்து, கையை நீட்டி, திரும்பித் தூக்கினால் அது வெகுவாகக் குறையும். ஒரு ரோலே சாதாரணமாக 20 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் தூக்கட்டும், இல்லையென்றால் தள்ளுவண்டி வாங்குங்கள்.

காப்புகள்

பெல்ட் மூடி, ஊசிக் காப்பு, கண் காப்பு மூன்றும் எல்லா மெஷினிலும் இருக்க வேண்டும். டெய்லர் கழற்றி வைத்திருந்தால் திட்டுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள். ஊசிக் காப்பு பார்வையை மறைக்கிறது என்பார். அப்படியானால் அதன் இடத்தையும் விளக்கின் கோணத்தையும் மாற்ற வேண்டும். சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்துக்கு எட்டாதபடி பெல்ட் மூடி முழுதாக மூடியிருப்பதில் எந்தச் சமரசமும் கூடாது.

ஒரு மெஷினில் செய்து பாருங்கள்

எல்லா மெஷின்களையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றாதீர்கள். ஒரே ஒரு மெஷின். பக்கப்பலகை, சரிவு, பெட்டி எல்லாவற்றையும் முதலில் அட்டையில் செய்யுங்கள். பேக்கிங்கில் கிழிந்த அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை, டேப்பும் கத்தியும் அங்கேயே கிடக்கும். தச்சரிடம் கொடுத்த பலகையை வெட்ட மனம் வராது, அட்டையை ஒரு மணி நேரத்தில் நான்கு முறை மாற்றலாம்.

யாருடைய மெஷினில் தொடங்குவது? வேகமான டெய்லரிடம் போகாதீர்கள், பழைய அமைப்பிலேயே அவர் கை பழகியிருக்கும். லைனில் எல்லாரும் மதிக்கிற, வாயைத் திறந்து குறை சொல்கிற ஒருவரிடம் போங்கள். என் விஷயத்தில் அது, ‘என் காலையும் நீட்டிவிட்டாயா’ என்று கேட்ட அந்த மூத்த டெய்லர் அக்காதான். இடது பக்கப்பலகையை மூன்று விரல் தாழ்த்தச் சொன்னது அவர். காரணம் கேட்டேன். ஸ்லீவ் பீஸ் விளிம்பைத் தொட்டுப் பார்க்கும்போதே மணிக்கட்டு மடங்குகிறது என்றார். நான் அளந்த எந்த அளவிலும் அது வரவில்லை.

முதல் மூன்று நான்கு நாள் எண்ணிக்கை குறையும். கை புதிய இடத்தைத் தேடும். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அது நேராகச் சம்பளத்தில் இடிக்கும். எனவே அந்த வாரத்துக்கு முந்தைய சராசரிக் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று முதலாளியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அதைவிட முக்கியமான இன்னொரு பேச்சும் இருக்கிறது. எண்ணிக்கை ஏறியதும் ரேட்டைக் குறைக்க மாட்டோம் என்று அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு இல்லாமல் நீங்கள் எவ்வளவு நல்ல மேசை போட்டாலும், இரண்டாம் லைனில் ஒருவரும் உண்மையான வேகத்தைக் காட்ட மாட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பணம் குறைவாக இருந்தால் என் வரிசை இது: முதல் வாரம் ஸ்பேனர் மட்டும், அதாவது பெடலும் மேசை உயரமும். அடுத்து பக்கப்பலகையும் சரிவும். அதற்கடுத்து ஊசி விளக்கு. நாற்காலி நான்காவது, அதுவும் நான்கைந்து மாதிரிகளை வரவழைத்து டெய்லர்களை ஆளுக்கு இரண்டு நாள் உட்கார வைத்த பிறகு. மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது வாரம், மாலை டீக்குப் பிறகு, அதே பென்சில் தாளை மறுபடியும் கொடுங்கள். பழைய தாளை அருகில் வைத்துப் பாருங்கள். புள்ளி இடம் மாறியிருக்கலாம். கழுத்திலிருந்து கிளம்பி மணிக்கட்டுக்குப் போயிருந்தால் மேசை உயரத்தில் ஒரு செ.மீ. விளையாட வேண்டியிருக்கும். பிறகு லைனில் ஒரு நடை நடந்து, புதிய நாற்காலிகளின் மேல் வேஸ்ட் துணித் திண்டு ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். முளைத்திருந்தால் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு அந்த மெஷினுக்குப் போங்கள்.